கழன்று போன மணிகள்

"இது புது இனம்னு நான் சொல்றேன், நீ என்னடான்னா..."

"சட்டையக் கழட்டி ஆணியில மாட்டினா, சட்டை ஒரு ஆளு, நீ ஒரு ஆளாடா?"

"அக்கா, முழுசாக் கேளு!"

"நீ முதல்ல முழுசாப் பாரு!"

அருங்காட்சியகத்தின் கடலுயிர்ப் பிரிவில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மேசை, ஒரே நுண்ணோக்கி. சண்டைக்கு மட்டும் பஞ்சமில்லை. மேசைமேல் இரண்டு பாட்டில்கள். அக்காவுடையதில் ஒரு மிதவைப் பை, அதன் அடியில் நீளமான தண்டு, தண்டு நெடுக வாய்களும் கொட்டும் இழைகளும். தம்பியுடையதில் கண்ணாடி போன்ற குட்டிக் குட்டி மணிகள்.

பார்வைக்கு ஜெல்லி மீன். உள்ளே பல உயிர்கள் ஒட்டி வாழும் கூட்டுக் குடும்பம். மிதக்க ஒருத்தர், நீந்தச் சிலர், எல்லாருக்கும் சேர்த்துத் தின்னச் சிலர்.

"நம்ம வீடேதான்" என்பாள் அக்கா. "நீந்துறது நான், திங்கிறது நீ."

மிதவை உண்டா, நீந்தும் மணி உண்டா என்று பார்த்துத்தான் இவற்றை வகை பிரிப்பார்கள். தன்னுடையது மிதவையே இல்லாத வகை, அதிலும் யாரும் கண்டிராதது என்று தம்பி முடிவு கட்டிவிட்டான். அதோடு நின்றானா? கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்த மனைவியிடம், "புது இனத்துக்கு உன் பேரையே வச்சிருக்கேன்" என்று சொல்லித்தான் திரும்பி வரச் சம்மதிக்க வைத்திருந்தான். ஊரிலிருந்து நேரே இங்கேதான் வருகிறாள்.

"ரெண்டும் ஒரே வலையில வந்ததுதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பார்மலின மெதுவா ஊத்தினியா, மடமடன்னு ஊத்தினியா?"

தம்பி தொண்டையைச் செருமினான். பதப்படுத்தும் பார்மலினை மடமடவென்று ஊற்றினால் தண்டிலிருந்து மணிகள் உதிர்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன! அன்றைக்கு ஒரு கையில் குடுவை, மறுகையில் போன். போனில் மனைவி.

அக்கா தண்டைத் தட்டில் கிடத்தினாள். மிதவைக்குக் கீழே மொட்டையாக இருந்த இடத்தில் தம்பியின் மணிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக அடுக்கினாள். பானைக்கு மூடி போலக் கச்சிதமாக உட்கார்ந்தன.

"அப்ப அவ பேரு?"

"இதுக்கு நம்ம தாத்தா பொறக்கும் முன்னாடியே பேரு வச்சாச்சுடா."

"இன்னிக்கு ஒருநாள் வாயத் தொறக்காதக்கா. கால்ல வேணா விழறேன்."

"விழறதுக்குக் காலைத் தேடி வச்சுக்கோ. என் கால் இல்ல, அவ கால்."

கதவு திறந்தது. பெட்டியும் கையுமாக மனைவி நின்றாள்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி? என் பேரு வச்சத அம்மா போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க."

அக்காவுக்குத் திடீரென்று நுண்ணோக்கியைத் துடைக்கும் வேலை வந்துவிட்டது. தம்பி ஒரு பாட்டிலை முன்னே தள்ளினான், பின்னே இழுத்தான், கடைசியில் தட்டுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டான். மனைவி அவனை விலக்கிவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஏங்க, இதுல நான் எது?"