மேசையில் விளக்குப் போட்ட சண்டை

வீரகத்தியின் மேசையில் முதலில் செத்தவன் கட்டைவிரல் உயரமுள்ள ஓர் ஈயச் சிப்பாய். அவனிலிருந்து வடிந்த இரத்தத்தை வீரகத்தியின் மனைவி விமலேஸ்வரி சாம்பல் போட்டுத் துடைத்தாள். கறை போகவில்லை என்று மேசைக்கடியில் கிடந்த பாயை மாற்றினாள். மாங்குளத்துக்குக் கிழக்கே இருந்த குடியேற்றத்தில், அறுபத்திரண்டாம் ஆண்டுக் கோடைச் சிறுபோகத்தில் நடந்தது இது.

அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. வாய்க்காலின் தலைப்பில் வீரகத்தியின் வயல். கடைசியில் விமலேஸ்வரியின் தமையன் தில்லைநாதனின் வயல். முறைத் தண்ணீருக்காக மண்வெட்டியால் அடித்துக்கொண்டு இருவரும் மாறிமாறி ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு, மேசையில் சண்டை பிடிப்பதே மலிவு என்று கண்டார்கள். களிமண்ணால் குளமும் மதகும் வயல்களும், தீப்பெட்டி அட்டையால் குடியேற்றத்து வீடுகள் அத்தனையும் செய்தார்கள். முல்லைத்தீவு மீனவர் லோறன்ஸ் வலைக்குக் கட்டும் ஈயத்தை உருக்கி இரண்டு படைகள் வார்த்துக் கொடுத்தார். தாயக்கட்டை உருட்டிப் படையை நகர்த்த வேண்டும். மேசையில் மதகைப் பிடித்தவருக்கே வயலில் முதல் தண்ணீர். பொழுதுபடும் நேரத்தில் மற்றவர் களவாய்ச் சிப்பாய்களை நகர்த்துகிறார் என்று இருவரும் குற்றம் சாட்டினார்கள்; இருவர் சொன்னதும் உண்மை. ஆகவே வீரகத்தி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு ரோச் லைற் பல்பை வைத்து, பழைய பஸ் பற்றறியில் தொடுத்தார். வயற்காரர் கம்பி இழுத்தால் வாய்க்கால் மாதிரித்தான் இழுப்பார்: ஒரு வீட்டுக்குள் புகுந்த மின்சாரம் அதைக் கடந்தே அடுத்த வீட்டுக்குப் போனது. ஆட்டத்தின் நடுவில் விளக்கை அணைத்தவர் தோற்றவர் என்றும் பேசிக்கொண்டார்கள்.

வெளிச்சம் வந்ததும் வீட்டுக்குள் ஆள் இருப்பது சிப்பாய்களுக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை அட்டையைச் சுற்றி நடந்தவர்கள் கதவை உடைத்தார்கள். குடியேற்றத்து அப்புத்துரையின் அட்டை வீட்டு வாசலில் ஒருவன் உலக்கை அடி பட்டு விழ, மற்றவர்கள் உள்ளே போய் வெட்டினார்கள். மறுநாள் அசல் அப்புத்துரை, உள்ளே தாழிட்ட வீட்டில், உலக்கையைப் பிடித்தபடி கழுத்து அறுந்து கிடந்தார். விசாரிக்க வந்தவர்கள் கரடி என்று முடிவு செய்தார்கள். தாழ்ப்பாள் போட்டதும் கரடியா என்று எவரும் கேட்கவில்லை. சனங்களுக்கு விஷயம் விளங்கியது. கோழியும் பூசணிக்காயும் கொண்டுவந்து, தங்கள் வீட்டை மேசையில் காட்டோரமாய்த் தள்ளி வைக்கச் சொல்லிப் பேரம் பேசினார்கள். வீரகத்தி கோழிக்கு ஒரு விரல் தள்ளினார், பூசணிக்காய்க்கு அரை விரல்.

தில்லைநாதனின் நெல் கதிர் கருக்கொள்ளும் குடலைப் பருவத்தில் கருகத் தொடங்கிய மாலை, அவருடைய படை தங்கையின் வீட்டை வளைத்தது. மதகுக்கு வழி அதனூடாகத்தான். அவர் தாயக்கட்டையை உருட்டினார். சிப்பாய்கள் கூரையைப் பிய்த்தார்கள். தேத்தண்ணி கொண்டுவந்த விமலேஸ்வரியின் தோள் எலும்பு தெரியப் பிளந்தது.

"மச்சான், அது உன்ரை தங்கச்சி," என்றார் வீரகத்தி.

"அப்ப தோத்துப்போனன் எண்டு சொல்லு. தண்ணியை விடு."

வீரகத்தியின் பயிரும் கதிர் தள்ளும் நேரம். யோசிப்பதற்காக ஒரு வெற்றிலை போட்டார்.

விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் தோளை இறுக்கிக் கட்டினாள். "நீங்கள் உருட்டுங்கோ அண்ணை. இவர் ஆறுதலா யோசிக்கட்டும். நான் உங்கடை ஆட்டத்தில இல்லைத்தானே?"

இல்லை என்று இருவரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். அவள் தன் அட்டை வீட்டுக்குள் விரலை விட்டுப் பல்பைப் பிடுங்கினாள். வாய்க்கால் அறுந்த மாதிரி எல்லா வீடும் ஒன்றாய் இருண்டது. யார் எவருடைய ஆள் என்று தெரியாமல் சிப்பாய்கள் அகப்பட்டவனை எல்லாம் வெட்டினார்கள்; பாக்கு வெட்டுகிற சத்தம்தான் கேட்டது. விடிய மேசையில் நிற்க ஒருவனும் இல்லை. மதகைப் பிடிக்க ஆளில்லாததால் மதகு அவளுடையதாயிற்று. ஒரு கையால் திறந்து, கடைசி வயலிலிருந்து முறை வைத்தாள். புருஷனின் வயலுக்கு மிஞ்சியது போனது.

அதன் பிறகு அந்தக் குடியேற்றத்தில் எந்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை. அடுப்பு எரியும், திரியில் மட்டும் சுடர் நிற்காது. சனங்கள் வெளிச்சம் மங்குமுன் சாப்பிட்டுப் படுக்கப் பழகினார்கள், கலியாணங்களைப் பகலில் வைத்தார்கள். மண்ணெண்ணெய் விற்கிறவர் சில காலம் சைக்கிளில் வந்து பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் உப்பு கொண்டுவரத் தொடங்கினார்.