முன்னால் போகிறவருக்குத்தான் வெயில்

புருஷன் ராஜமாணிக்கம் வாங்கித் தந்த கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு சிந்தாமணி வேலைக்குப் போன முதல் நாள், பீங்கான் கம்பெனியே கைவேலையைப் போட்டுவிட்டு அவளை வேடிக்கை பார்த்தது. நாற்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை, தலையில் துண்டு, புடவை முழுக்க மாவுக்கறை, மூஞ்சியில் அட்டக்கறுப்பாய் ஒரு கண்ணாடி. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "யாருடி இது, துபாய்லேர்ந்து வந்த ஆபீசரம்மாவா?" என்றாள் கூட வேலை செய்யும் திரௌபதி. சிந்தாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கழற்றவில்லை. வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்ட மனுஷன், கேட்டுக்கு வெளியே நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாரே, எப்படிக் கழற்ற மனசு வரும்?

அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி வெயிலில் காயவைப்பதும் திருப்பிவைப்பதும்தான் பதினாறு வருஷமாக அவள் வேலை. மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்று பொம்மைகள். வலது கண்ணில் சதை வளர்ந்து, தை மாதம்தான் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். வெயிலுக்கு நல்ல கண்ணாடி போடாவிட்டால் சதை திரும்ப வளரும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டதிலிருந்து ராஜமாணிக்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மங்கலம்பேட்டையில் ஃபாரின் சாமான் விற்கும் பாயிடம் கெஞ்சிக்கூத்தாடி நாலு கண்ணாடிகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு கம்பெனிச் சூளை வாசலில் நின்று உள்ளே எரியும் தீயைப் பார்த்தார். எதில் தீ அகல்விளக்கு மாதிரி சின்னதாகத் தெரிந்ததோ அதையே எடுத்துக்கொண்டார். பீங்கான் ஊர்க்காரனுக்கு வேறு எப்படிச் சோதிக்கத் தெரியும்?

இருபது நாள் போட்டாள். கண் எரிந்தது, சிவந்தது. அவரிடம் மூச்சுவிடவில்லை. மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் தேவநாதன் ஒரு நீல விளக்கைப் போட்டுத் தன் வெள்ளைக் கைக்குட்டையை அடியில் விரித்தார். துணி ஊதாவாக மின்னியது. நடுவில் அவள் கண்ணாடியைப் பிடித்தார். அப்போதும் மின்னியது. பிறகு வெளிர்பழுப்பில், காதோரம் பூப்போட்ட ஒரு கண்ணாடியைப் பிடித்தார். மினுமினுப்பு அணைந்தே போய்விட்டது.

"கண்ணுக்கு ஆவாத கதிரு இதும்மா. ஒங்களுது கறுப்புதான், தடுப்பு இல்ல. இருட்டா இருந்தா கண்ணு பாப்பா நல்லா விரிஞ்சுக்கும், கதிரு இன்னும் தாராளமா உள்ள போவும். இதுக்கு வெறுங்கண்ணே தேவலாம்."

சிந்தாமணி பூப்போட்டதை வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் சூளை வாசலில் வியர்வை வழிய நின்ற மனுஷன்தான் கண்ணுக்குள் நின்றார். அவரிடம் போய் எந்த வாயால் சொல்வது? "கனமா இருக்குதுங்க, மூக்க அழுத்துது. அதான் லேசா ஒண்ணு வாங்கிக்கிட்டேன்" என்றாள். அவர் முகம் கொஞ்சம் வாடத்தான் செய்தது. அப்புறம், "அதுக்கென்னா, வீணாவா போவப்போவுது?" என்று அந்தக் கறுப்பை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன் நின்று மீசையை நீவினார்.

அவளுக்குத் திக்கென்றது. பொம்மைப் பெட்டிகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் கடைகடையாக அலைகிற ஆள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் போய்விட்டது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. வெயில் நேர் எதிரே அடித்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தூசி."

அவள் இறங்கி வந்து இமையை விலக்கிப் பார்த்தாள். கண்ணோரம் சிவந்திருந்தது. தூசியாகவே இருக்கலாம். ஆனால் அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, நீல விளக்கையும் கைக்குட்டையையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

அவர் அவள் பக்கமாகத் திரும்பினார்.

"அப்ப இருபது நாளும் எரிச்சலோடதான் கெடந்தியா?"

"ஆசையா வாங்கியாந்தீங்க..."

"அறிவிருக்குதா ஒனக்கு? என் ஆசையத் தூக்கிக் குப்பையில போடு. கண்ணு போயிருந்தா?" அதட்டத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

ரயில் தடதடத்துப் போனது. சிந்தாமணி தன் பூப்போட்ட கண்ணாடியைக் கழற்றி அவர் காதுகளில் மாட்டினாள்.

"ஏய், பொம்பள கண்ணாடி! நாலு பேரு சிரிப்பான். ஆபரேஷன் பண்ண கண்ணு ஒனக்கு, நீ போடு."

"முன்னால போறவருக்குத்தான வெயிலு? நான் ஒங்க முதுகுக்குப் பின்னாலதான உக்காரப்போறேன். நாளைக்கி ஒங்களுக்கு ஒண்ணு வாங்குவம்."

கேட் உயர்ந்தது. பக்கத்து பஸ்ஸின் ஜன்னலிலிருந்து யாரோ சிரித்தார்கள். ராஜமாணிக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். அவர் காதோரம் இரண்டு மஞ்சள் பூக்கள் வெயிலில் துலங்கின. சிந்தாமணி கண்களை இறுக மூடிக்கொண்டு, வியர்வையில் நனைந்த அந்தச் சட்டை முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.