பூஜ்யமாவது ரேக்கில் ஒரு அண்டா

கோயில் அண்டா காணாமல் போனதற்கு என்னைத்தான் திருடன் என்றார்கள். யாரும் நேராகச் சொல்லவில்லை. கோயில் தலைவர் புவனேஸ்வரன் மைக்கைப் பிடித்து, "அண்டாவை வெளிய தூக்கிட்டுப் போனவங்க யாரா இருந்தாலும் சரி, இந்த வருஷம் பல்லக்குக்குத் தோள் குடுக்கக் கூடாது" என்று அறிவித்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டிலிருந்து நான் அண்டாவோடு போனதைப் பார்த்ததாக, சமையலுக்கு உதவ வந்திருந்த முனியாயி சொல்லியிருந்தாள்.

பாயா ரும்புட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் மாரியம்மன் பல்லக்கில் முன்பக்க இடது தண்டு என்னுடையது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. என் உடம்பு வாழ்க்கை முழுக்க யார் யாருடைய பாரத்தையோ சுமந்தது. நானாக ஆசைப்பட்டுச் சுமப்பது அது ஒன்றுதான்.

அண்டாவைத் தூக்கினேனா என்று கேட்டால், தூக்கியிருக்கலாம். நான் குருபோங்கில் ஒரு கிடங்கில் லோரி ஏற்றுகிறவன். யாராவது விரலை நீட்டினால் ஏற்றிவிடுவேன். சாமான் என்னவென்று பார்க்கிற வழக்கம் இல்லை. அன்னதானத்தன்று வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போய், நாற்காலி, பெஞ்சு, விறகு எல்லாம் தூக்கினேன். பாயில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைப் பாயோடு சுருட்டப் போய், அதன் அம்மாவிடம் வசவும் வாங்கினேன்.

சமையல்கட்டில் ஒரு கேமரா இருந்தது. மறுநாள் விழுந்த இடியில் அதன் பதிவுப் பெட்டி கருகிவிட்டது. உள்ளே இருந்த டிஸ்க் மட்டும் தப்பித்தது. அதை எடுத்துவந்து என் மருமகள் ஜனகாவிடம் கொடுத்தேன். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள்.

டிஸ்கை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இந்த ஃபைல் சிஸ்டம் என்னன்னே கெர்னலுக்குத் தெரியல, மாமா."

"யாரும்மா அந்தக் கெர்னல்?"

"கம்ப்யூட்டருக்குள்ள எல்லாரையும் வேலை வாங்கற மண்டோர்னு வச்சிக்குங்க. டிஸ்க்தான் ஸ்டோரு. ஸ்டோர்ல எந்த ரேக்ல என்ன இருக்குன்னு மண்டோருக்குத் தெரியணும்ல? இந்தப் பெட்டி செஞ்சவன் அவன் இஷ்டத்துக்கு அடுக்கி வச்சிருக்கான். கம்பெனியும் மூடிட்டான். அந்த அடுக்கற முறைய நான் கண்டுபுடிச்சி மண்டோருக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"சொன்னா கேட்டுக்குவானா?"

"தப்பாச் சொன்னா மயங்கி விழுந்துருவான்."

உண்மையிலேயே விழுந்தான். அந்த வாரம் முழுக்க ஜனகாவின் கம்ப்யூட்டர் கறுப்பாகி, எழுத்தாய்க் கொட்டி, செத்துச் செத்துப் பிழைத்தது. நான் கோப்பி கலக்கிக் கொடுத்தேன். வேறு எந்த உதவியும் என்னால் முடியவில்லை.

"கம்ப்யூட்டர டிஸ்கப் படிக்க மட்டும்தான் விட்டிருக்கேன். எழுத விட்டா, இருக்கறதையும் அழிச்சிரும்" என்றாள்.

அது எனக்கு விளங்கியது. நானும் தலை நரைத்த பிறகு எழுத்து கற்றவன். முதலில் படிக்க மட்டும்தான் வந்தது. எழுத ஆரம்பித்த பிறகுதான் சேதாரம்.

பல்லக்கு ஊர்வலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மண்டோர் ஒருவழியாக நிமிர்ந்தான். துண்டு துண்டாகப் படங்கள் வந்தன. பெட்டியின் கடிகாரத்தை யாரும் சரி செய்து வைக்கவில்லையாம். எல்லாத் துண்டிலும் மணி பூஜ்யம் என்றே காட்டியது. ஜனகா ரேக் வரிசைப்படி அவற்றைக் கோத்துக் கோயில் டிவியில் போட்டாள்.

முதலிலேயே நான் வந்தேன். அண்டாவைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். கூட்டம் 'ஸ்ஸ்' என்றது. ஆனால் அடுத்த துண்டில் அதே அண்டா அடுப்பில் இருந்தது. அதற்கடுத்ததில் பாயசம் கொதித்தது.

"அலாமா! திரும்பக் கொண்டாந்து வச்சிட்டாரே!" என்று யாரோ கத்தினார்கள்.

தலைவர் எழுந்து என் கையைப் பிடித்தார். "வீராசாமி அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. தண்டு உங்களுதுதான் லா."

முனியாயி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டேன்.

திரும்பும்போது ஜனகாதான் காரை ஓட்டினாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், "மாமா, படத்துல நான் கட்டியிருந்த பச்சைப் புடவையப் பாத்தீங்களா?" என்றாள்.

"நல்லா இருந்துச்சும்மா."

"முதல்ல அதுல சாம்பார் கறை இருக்கு. அப்புறம் கறையே இல்ல."

"தொடச்சிருப்ப."

"சாம்பார் கறை தொடச்சாப் போகுமா? அந்தப் பெட்டி கடைசி ரேக்ல ஆரம்பிச்சி முன்பக்கமா அடுக்கிக்கிட்டு வந்திருக்கு. நான் முன்னாலருந்து படிச்சிட்டேன். எல்லாமே தலைகீழ்."

எனக்கு அர்த்தமாகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அர்த்தமானதும் கேசரி தொண்டைக்கு வந்தது. அப்படியென்றால் பாயசம் முதலில். நான் இழுத்துக்கொண்டு போனது கடைசியில்.

"ஊர்வலம் முடியட்டுமே, அப்புறம் சரி பண்ணலாமே?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "தப்பாப் படிக்குதுன்னு தெரிஞ்சும் விட்டா, நாளைக்கு முனியாயி ஆயா முகத்துல எப்படி மாமா முழிப்பேன்? அவங்க சொன்னது பொய்னு ஆயிருச்சில்ல."

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் என் தோள் இப்போதே லேசாகிவிட்டது போல இருந்தது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மறுபடி கூட்டம். ஜனகா எழுந்து, "நேத்து நான் போட்டது தப்பு, எல்லாரும் மன்னிக்கணும்" என்றாள். படம் நேராக ஓடியது. பாயசம், பந்தி, ஜனகா புடவையில் சாம்பார். கடைசியாக நான், அண்டா, கதவு. தலைவர் தொண்டையைக் கனைத்தார். முனியாயி நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் செருப்பைத் தேடினேன்.

"இருங்க மாமா, இன்னும் ஒண்ணு இருக்கு. நான் ஒண்ணாவது ரேக்லருந்து எண்ணிட்டேன். அவன் பூஜ்யத்துலருந்து எண்ணியிருக்கான். பூஜ்யமாவது ரேக்க நேத்து நான் படிக்கவே இல்ல" என்றாள் ஜனகா.

படத்தில் பின்கதவு திறந்திருந்தது. வெளியே பந்தல்காரர் கிஷனின் லோரி நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர் விரலை நீட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி என்றால் நாற்காலி ஏறியது. கம்பி என்றால் கம்பி. விரல் அண்டா பக்கம் திரும்பியது. நான் ஒரு பிடியைப் பிடித்துத் தூக்க முடியாமல் தள்ளாடினேன். வேட்டிக்காரர் ஓடிவந்து இன்னொரு பிடியைப் பிடித்தார். ஏற்றி முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு, கேமரா பக்கம் திரும்பினார்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் அவர். விரல் நீட்டுகிறவர்களுக்கும் எதைக் காட்டினோம் என்று நினைவிருக்காது போல.

அங்கேயே கிஷனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கிஷனின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது: "அது உங்களுதா தலைவரே? சாமானோட சாமானா இறக்கிட்டாங்க. நம்ம அண்டான்னு நினைச்சி ரெண்டு கல்யாணத்துக்கு வேற அனுப்பிட்டேன். சோறு நல்லா வேகுதாம்!"

சிரிப்பு அடங்கியதும் முனியாயி எழுந்தாள். "தூக்குனவங்க தோள் குடுக்கக் கூடாதுன்னு மைக்ல சொன்னீங்களே தலைவரே. இப்ப என்னா செய்யப் போறீங்க?"

தலைவர் கூரையைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். "அது... ஒருத்தரா தூக்கினவங்களுக்குச் சொன்னது" என்றார்.

"அப்ப ரெண்டு பேரா தூக்குனவங்க?"

"ரெண்டு பேராவே தோள் குடுக்கணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் கை தட்டியது. தீர்ப்பு அவ்வளவுதான்.

ஊர்வலத்தில் முன்பக்க இடது தண்டில் நான், எனக்குப் பின்னால் தலைவர். கோயில் வாசலைத் தாண்டும் முன்பே, "அண்ணே, இன்னும் எவ்ளோ தூரம்?" என்று ஆரம்பித்துவிட்டார். ஆள் குட்டை. அவர் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு மடித்து வைக்கலாம் போல இடம் இருந்தது. அவர் பங்குப் பாரமும் என் மேல்தான் இருந்தது.

நான் தண்டைத் தோளில் நன்றாக ஏற்றிக்கொண்டேன். எனக்கு அது வேண்டித்தான் இருந்தது.