வளைவில்லாத சாலை

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவனின் வலது பக்கத்தில் நெவில் போட்ட பச்சைக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது. அது போன வருஷம் போட்டது. இந்த வருஷம் இடது பக்கத்தில் போட்ட கோடு கதவைத் தாண்டியதும் மெல்ல நெளிந்து, ஜன்னலுக்குக் கீழே இறங்கி, பின்விளக்குப் பக்கம் மறுபடி மேலே ஏறியது. இரண்டும் ஒரே கை, ஒரே தூரிகை.

ரோண்டா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனாள். பக்கத்து வீட்டு ட்ரெவர்தான் வாயைத் திறந்தான்.

“என்ன மாப்ள, பீர் அடிச்சிட்டா கோடு போட்ட? பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கு.”

“பிரஷ் சரியில்லடா. உன் பிளாஸ்டிக் டப்பா கேரவனுக்கு இது எவ்வளவோ தேவல.”

“என் டப்பாவுல ஏசி இருக்கு. உன் கோழிக்கூண்டுல என்ன இருக்கு?”

கோழிக்கூண்டு என்பது கிண்டல் மட்டும் இல்லை. ஹார்ஷம் ஊருக்கு வடக்கே ஒரு கோதுமைப் பண்ணையின் கொட்டகையில் அந்த ப்ளைவுட் கேரவனை நெவில் கண்டுபிடித்தபோது, உள்ளே கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அவன் பிறந்து சில வருஷங்களில் யாரோ செய்த வண்டி அது. தரை இற்றுப்போயிருந்தது. கூரை வழியாக வானம் தெரிந்தது. பண்ணைக்காரர் அதை எரிக்கத்தான் வைத்திருந்தார். நெவில் இழுத்து வந்து ஆறு குளிர்காலம் அதோடு கிடந்தான். பின்பக்கத்து வளைவுக்கு மட்டும் ஒரு குளிர்காலம் ஆயிற்று. சுடுநீரில் துண்டை நனைத்து, பலகையின் மேல் போர்த்தி, ஒரு நாளைக்கு ஒரு விரல் அளவு வளைத்தான். ரோண்டா இருக்கைகளுக்கு உறை தைத்தாள், திரைச்சீலை தைத்தாள், கோழி நாற்றம் போகும்வரை வினிகர் ஊற்றித் தேய்த்தாள்.

எல்லாம் ஒரு சாலைக்காக. நாட்டின் தெற்கு ஓரமாக மேற்கே போகும் நெடுஞ்சாலையில், மரமில்லாத சமவெளியைக் கடந்தபின், ஒரு பகுதி வருகிறது. நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு வளைவும் கிடையாது. நாற்பது வருஷம் தானிய லாரி ஓட்டிய நெவில் அதைப் பார்த்ததில்லை. கோதுமை துறைமுகம் வரைதான் போகும், அவனும் துறைமுகம் வரைதான் போயிருந்தான். ஓய்வு பெற்ற அன்று விருந்தில் அவனிடம் மற்ற டிரைவர்கள் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டபோது, “ஸ்டீயரிங்கைத் திருப்பாம ஒரு நாள் ஓட்டணும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரோண்டாவுக்கு அது விளையாட்டில்லை என்று தெரியும்.

செப்டம்பரில் கிளம்புவது என்று முடிவானது. ட்ரெவரும் அவன் மனைவியும் அவர்கள் வண்டியில் முன்னால் போவார்கள். இவர்கள் பின்னால். சமையலறை மேஜையில் வரைபடம் ஒரு மாதமாக விரிந்தே கிடந்தது. அதன் மேலேயே சாப்பிட்டார்கள். அடிலெய்டைத் தாண்டி முதல் இரவு எங்கே, எந்த இடத்துக்குப் பிறகு பெட்ரோல் இரட்டை விலை, தண்ணீர் எவ்வளவு ஏற்றினால் கேரவனின் எடை காருக்குத் தாங்கும் என்றெல்லாம் பேசினார்கள். மேற்கு மாநில எல்லையில், பூச்சி பரவக் கூடாதென்று, பழம், காய், தேன் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால், எந்த உருளைக்கிழங்கை எந்த ஊரில் தின்று தீர்ப்பது என்றுகூட ரோண்டா யோசித்து வைத்திருந்தாள்.

“இங்கேர்ந்து அடுத்த பங்க் எவ்வளவு தூரம்?” என்பான் நெவில்.

“கண்ணு முன்னாடிதானே இருக்கு, பாரேன்.”

“நீயே வாசி. உன் குரல்ல கேட்டா தூரம் கம்மியாத் தெரியுது.”

முன்பெல்லாம் வரைபடத்தை அவன் யாரையும் தொட விடமாட்டான். இப்போது டீயை ஊற்றும்போது கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை உள்ளே விட்டுக்கொண்டான். தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்கும்போது தலையை ஒரு பக்கம் திருப்பி, யாரையோ ஒட்டுக் கேட்பவன்போல் உட்கார்ந்தான். கண்ணைக் காட்டிவிட்டு வா என்று ரோண்டா இரண்டு முறை சொன்னாள். இரண்டாம் முறை, “காட்டிட்டேன். கழுகு மாதிரி இருக்காம்” என்றான். எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும் அவனுக்கு.

வேறு விதமாகவும் கேட்டுப் பார்த்தாள்.

“பாதி தூரம் நான் ஓட்டுறேனே. உனக்கும் முதுகு வலிக்காது.”

“நீயா? சூப்பர் மார்க்கெட்ல இடம் கிடைக்கலன்னு மூணு சுத்து சுத்திட்டு, பால் வாங்காமலே வீட்டுக்கு வந்தவ நீ.”

“அன்னிக்கு மழை.”

“அங்க எதிர்ல வர்றது என்ன தெரியுமா? ஒரு லாரிக்குப் பின்னாடி இன்னும் மூணு பெட்டி. அது கடந்து போற காத்துல நம்ம வண்டி அப்படியே ஆடும். நீ பேசாம பக்கத்துல உக்காந்து பிஸ்கட் குடு, கிழவி.”

கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் மாலைதோறும் ரிவர்ஸ் பழகினார்கள். கேரவன்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கை. எந்த முகாமிலும் புது வண்டி ஒன்று இடத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள். இடப்பக்கம், வலப்பக்கம், வா, வா, நிறுத்து. அதற்குள் பாதிப் பேர் சண்டை போட்டுவிடுவார்கள்.

நெவிலும் ரோண்டாவும் சண்டை போட்டதில்லை. கல்யாணமான புதிதில் அறுவடைக் காலத்தில் அவனோடு லாரியில் போய்ப் பழகியவள் அவள். கிடங்கில் தானியம் கொட்டும் குழிக்கு நேராக இரட்டை டிரெய்லரைப் பின்னால் விடும்போது அவளைத்தான் இறக்கி நிறுத்துவான். “வாயத் திறக்காத. கத்துறவன் டிரைவர் இல்ல. கைய மட்டும் காட்டு” என்பான். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தினால் லாரி அந்த அங்குலத்தில் நிற்கும்.

இந்த முறை முதல் நாளே சொன்னான். “கையோட வாயாலயும் சொல்லு. என்ஜின் சத்தத்துல ஒண்ணும் புரியல.”

கை காட்டுவதற்கு என்ஜின் சத்தம் எப்படித் தடை? அவள் அதையும் கேட்கவில்லை. வா, வா, கொஞ்சம் இடது, நிறுத்து என்று குரல் கொடுத்தாள். அவன் கச்சிதமாக நிறுத்தினான். ட்ரெவர் வேலிக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு, பீர் டப்பாவோடு கைதட்டினான்.

“ரோண்டா, வாழ்நாள் முழுக்க உன் பேச்சைக் கேக்காதவன் இப்பக் கேக்குறான் பாரு. வண்டிய விக்காத!”

அவள் சிரித்தாள். அன்று இரவு உணவுக்குப் பிறகு வரைபடத்தில் அந்த நேர்கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அங்கே குரல் கொடுக்க என்ன இருக்கும்? எதிரே லாரி வருவதை அவள் சொல்லலாம். குறுக்கே கங்காரு பாய்வதைச் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் பயிற்சி. ரோண்டா முதலில் காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் துடைத்தாள். வெயில் அவன் முகத்தில் அடிக்காத நேரமாகப் பார்த்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து தன் சிவப்பு மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். தன் சந்தேகம் தப்பாக இருப்பதற்கு எவ்வளவு வசதி செய்ய முடியுமோ அவ்வளவும் செய்தாள். பிறகு ட்ரெவரிடம் போனாள்.

“என்ன நடந்தாலும் நீ வாயத் திறக்கக் கூடாது. இது புருஷன் பொண்டாட்டி விஷயம்.”

“ஐயோ, இன்னிக்குத்தான் சண்டையா?” என்று ட்ரெவர் உதட்டில் ஜிப் இழுத்து மூடுவதுபோல் காட்டினான்.

நெவில் காரைக் கிளப்பினான். கேரவன் மெல்லப் பின்னால் வந்தது. அவள் வலது கண்ணாடியில் முழுசாகத் தெரியும்படி நின்றாள். வா, வா என்றாள். கேரவனின் பின்பக்கம், கார் நிறுத்தும் கொட்டகையின் இரும்புத் தூணை நோக்கித் திரும்பியது. அவள் குரலை நிறுத்தினாள். இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

கேரவன் வந்துகொண்டே இருந்தது.

கைகளை இன்னும் உயர்த்தினாள். தலைக்கு மேலே, கோட்டின் சிவப்புக் கைகள். தொண்டை வரை சத்தம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு மீட்டர். அரை மீட்டர். ட்ரெவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். அவள் கைகளைப் பார்த்தான், காரைப் பார்த்தான், அப்படியே நின்றான்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. காய்ந்த ரொட்டியை உடைத்ததுபோல ஒரு சத்தம். பின்பக்கத்து வளைவு உள்ளே போயிற்று. ஜன்னல் கண்ணாடி ஒரு கணம் கழித்து உதிர்ந்தது.

ட்ரெவர் நாற்காலியை மடக்கினான். பீர் டப்பாவைப் புல்லில் விட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் போனான்.

நெவில் இறங்கி, கேரவனின் பக்கவாட்டில் கையை வைத்து நடந்து வந்தான். உடைந்த இடத்தில் கை நின்றது. விரல்கள் பலகையின் பிளவுக்குள் போய் வந்தன.

“ஏன் சொல்லல?”

“கை தூக்கினேன்.”

“எப்போ?”

“தூக்கியே நின்னேன், நெவ்.”

அவன் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி அவளைப் பார்த்தான்.

“கோட்டு போட்டிருக்கியா?”

“ஆமா. சிவப்பு.”

“ஓ.”

கொட்டகைக் கூரையில் ஒரு மேக்பை பறவை வந்து உட்கார்ந்து, பறந்து போனது.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?” என்றான்.

“கோடு போட்ட அன்னிலேர்ந்து. உனக்கு?”

“அதுக்கும் முன்னாடி.” கையை எடுக்காமலே சொன்னான். “சத்தம் போட்டிருக்கலாமே, ரோண்டா. ஒரு வார்த்தை. இந்த வளைவு எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியும்.”

“சத்தம் போட்டிருந்தா நீ நிறுத்தியிருப்ப. செவ்வாக்கிழமை நாம கிளம்பியிருப்போம்.”

அவள் கிட்டே போனாள். அவன் தள்ளி நிற்கவும் இல்லை, அவள் பக்கம் சாயவும் இல்லை.

“இத சரி பண்ணலாம்,” என்றாள். “நான் கேரவன இழுத்து ஓட்டக் கத்துக்கறேன். அடுத்த வருஷம் போலாம். நீ என்ன வேணா கிண்டல் பண்ணு. நான் ஓட்டுறேன்.”

“உனக்குப் புரியல.” அவன் குரலில் கோபம் இல்லாதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “ஓரமெல்லாம் எனக்குத் தெரியும். வேலி தெரியும், புதர் தெரியும், வானத்துல பாதி தெரியும். நான் எதைப் பாக்கறேனோ அதுதான் இல்ல. நடுவுல ஒரு அழுக்கு மாதிரி. அந்த ரோடு எங்க இருக்கும், சொல்லு? நடுவுலதானே?”

அவள் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவனும் குனிந்தான். “நீ வேண்டாம், கைய வெட்டிக்குவ” என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அவன் எழுந்து வீட்டுக்குள் போனான்.

மறுநாள் ட்ரெவர் வந்தான். நாங்களும் போகவில்லை, ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றான்.

“போடா. உன் டப்பாவுக்கு நான் எதுக்கு?” என்றான் நெவில். “தேன் எடுத்துட்டுப் போகாத. எல்லைல பிடுங்கிடுவான்.”

செவ்வாய்க்கிழமை காலை ட்ரெவரின் வண்டி மேற்கே கிளம்பியது. ஹாரன் அடிக்காமல் போனான். அந்த மரியாதை நெவிலுக்குப் பிடிக்கவில்லை என்பதை ரோண்டா அவன் தாடையில் பார்த்தாள்.

அன்று பத்து மணிக்கு அவனைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். வழக்கம்போல் அவன் வலது பக்கக் கதவைத் திறந்தான். ஒரு நொடி நின்றான். சாத்திவிட்டு, காரின் முன்பக்கத்தைச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறினான். சீட் அவளுடைய அளவுக்கு முன்னால் இருந்தது. முழங்கால் இடித்தது. பின்னால் தள்ளும் நெம்புகோல் எங்கே என்று அவன் தேடுவதை அவள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குள் முதல் வளைவு வந்தது. அவன் வலது கால் தரை விரிப்பை அழுத்தியது. அடுத்த சந்திப்பில் மறுபடி. அங்கே பிரேக் இல்லை. அவன் கால் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த வளைவில் அவள் கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைத்தாள்.

“எனக்காகக் குறைக்காத,” என்றான் நெவில், பக்கவாட்டு ஜன்னலைப் பார்த்தபடி. “நீ எப்பவும் போற மாதிரியே போ.”

அவள் எப்போதும் போகிற மாதிரியே போனாள். அவன் கால் அழுத்திக்கொண்டே வந்தது.