'போறேன்' என்று சொன்ன யானை

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. வேறு அழகான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

இதில் 'அவள்' என்று வருகிற இடத்திலெல்லாம் முதலில் 'நான்' என்றுதான் இருந்தது. 'நான்' என்று எழுதியதும் அடுத்த சொல் வர மறுத்தது. ஆகவே, அவள். பெயர் கலையரசி. ஊர் போடி. ரத்தப் புற்றுநோய். நாளைக் காலை மதுரை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அவளுடைய எலும்பு மஜ்ஜையை முழுக்க அழித்துவிட்டு, தம்பியின் மஜ்ஜையை ஏற்றப்போகிறார்கள். கண்ணாடி வைத்த தனி அறை. குழந்தைகள் வரக்கூடாது. எத்தனை வாரம் என்று கேட்டதற்கு டாக்டர் "பார்க்கலாம்மா" என்றார்.

[இங்கே அவருடைய குரலைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். அவர் குரலில் ஒன்றுமே இல்லை. பயமே அதுதான்.]

கலையரசி நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாகத் தேடி எடுப்பவள். பனி கொட்டும் ஊர்களைப் படிக்கும்போது, குரங்கணி மேட்டில் இறங்கும் மூடுபனியைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே பரப்பிக்கொள்வாள். அந்த நாவல்களில், முதல் அத்தியாயத்தில் கைக்குட்டைக்குள் இருமுகிற பெண் கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேர்வதில்லை. அவளுக்காகக் கலையரசி அழுதிருக்கிறாள், மிகவும் சுகமாக. இப்போது அந்தச் சுகம்தான் பயமுறுத்துகிறது. தன்னையும் யாரோ அப்படிப் படித்துக்கொண்டிருக்கலாம்.

(நீங்கள்தான்.)

2

குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதி வைக்க வேண்டும். முதல் தொடக்கம் இது:

"அன்புள்ள கார்முகில், கார்த்தி, நீங்கள் இதைப் படிக்கும்போது அம்மா

கிழித்துப் போட்டாள். இரண்டாவது:

"ஒரு ஊரில் ஒரு அம்மாவுக்கு உடம்பு

அதுவும் போயிற்று. மூன்றாவது நின்றது: "தேவாரம் ஊருக்கு மேலே மலையில் ஒரு யானையும் குட்டியும்* இருந்தன. தாய் யானையின் காலில் முள் தைத்திருந்தது."

முள் நல்லது. முள்ளை எடுத்துவிடலாம்.

* யானை ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். ஆகவே ஒன்பது வயதுக் கார்முகிலும் ஐந்து வயதுக் கார்த்தியும் ஒரே குட்டிக்குள் நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் காது யாருடையது என்று சண்டை வரும்.

3

மத்தியானம் நாத்தனார் ஈஸ்வரி கஞ்சியோடு வந்தாள். நாளையிலிருந்து பிள்ளைகள் அவள் பொறுப்பு. கார்முகில் தம்பிக்குக் கதையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"'மலைக்கு அந்தப் பக்கம் முள் எடுக்கிற வைத்தியர் இருக்கார், நான் போறேன்'னு தாய் யானை சொன்னது."

ஈஸ்வரி கஞ்சிச் சட்டியை டொக்கென்று வைத்தாள்.

"என்ன மதினி, போறேங்குதா? வாசல்ல நின்னு யாராச்சும் போறேம்பாகளா?"

"ஆனைதானே ஈஸ்வரி."

"ஆனைன்னா? எங்கண்ணன் டீ குடிக்கக்கூட வர்றேன்னுட்டுத்தான் போகுது. பொறப்படுற நேரத்துல இதையா எழுதுவீக? மொதல்ல அந்த ஆனைய வாயக் கழுவச் சொல்லுங்க."

"ஆனைக்கு வாய் எங்க இருக்கு அத்தை?" என்றான் கார்த்தி.

"தும்பிக்கைக்குக் கீழ இருக்கு அப்பு. ஒனக்கு மூக்குக்குக் கீழ இருக்குல்ல, அது மாதிரி. அத மூடு."

கார்முகில் பென்சிலை எடுத்து 'போறேன்' என்பதை அடித்தாள். மேலே சின்னதாக எழுதினாள்: 'போயிட்டு வர்றேன்.'

4

கலையரசி ஏன் அப்படி எழுதினாள்? போடியில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாததா? அவள் படித்த நாவல்களில் எல்லோரும் 'நான் போகிறேன்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். கை பழகிவிட்டது.

[அப்படித்தான் நம்ப விரும்புகிறேன். கை தானாக எழுதியது என்றால், கைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.]

திருத்திய பிறகு பயம் குறையும் என்று நினைத்தாள். கூடியது. 'போறேன்' என்றால் போனதோடு சரி. 'வர்றேன்' என்றால் வாக்கு. இனி அந்த யானை வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றியதாகிவிடும்.

முடிவுகளை எழுதிப் பார்த்தாள்.

யானை திரும்பி வருகிறது. எழுதியவளே நம்பவில்லை.

யானை நட்சத்திரமாகி வானத்திலிருந்து குட்டியைப் பார்

சீ.

குட்டி வளர்ந்து, தாயைத் தேடி மலையேறுகிறது. இது நாவல்களுக்குப் பொருந்தும். ஆனால் அந்தக் குட்டியைத் தனியாக மலையேற விட அவளுக்கு மனம் வரவில்லை. வழியில் யானைப் பள்ளம் இருக்குமே, கரண்டு வேலி இருக்குமே.

5

ஈஸ்வரி கார்த்தியைக் குளிப்பாட்டக் கூட்டிப்போனதும் கார்முகில் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த முள்ளு ஒன் ரத்தத்துலதான இருக்கு?"

"யாரு ஆத்தா சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆனை காலுல முள்ளெல்லாம் ஏறாது. தோலு அம்புட்டு மொத்தம்."

கலையரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோட்டத்துக்குப் போன ஜீப்புகள் ஏலக்காய் பறிக்கிற ஆட்களோடு மலையிலிருந்து இறங்க ஆரம்பித்திருந்தன. அவற்றில் ஒன்றைத்தான் அவள் கணவன் அருள்பாண்டி ஓட்டுகிறான். நாளை அது மலையேறாது, மதுரைக்குப் போகும்.

"வர்றேன்னுட்டு வராமப் போனா, ஆனை பொய் சொன்னதாயிருமா?"

"வர்றேங்குறது... வரணும்னு ஆசைப்படுறது ஆத்தா."

"நான் அதக் கேக்கல."

"தெரியல. சத்தியமா எனக்குத் தெரியல."

கார்முகில் கதைத் தாளை எடுத்துப் புரட்டினாள். பிறகு, "சரி, அத விடு. குட்டி என்ன திங்கும்?" என்றாள்.

"என்னாது?"

"கதை ஆனை பின்னாடியே போயிட்டிருக்கு. குட்டி அங்ஙனயே பசியோட நிக்குது. நீ அத எழுதவேயில்ல. வெரசா எழுது, கார்த்தி கேப்பான்."

6

அவள் எழுதினாள்: "குட்டிக்குப் பசித்தது. முதல் நாள் அது

அதற்கு மேல் ஓடவில்லை. குட்டி என்ன தின்றது என்று எழுத, தான் இல்லாத அடுப்படியைப் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே தட்டு விழும் சத்தம் கேட்டது. தோசை ஓரம் கருகியிருக்கிறது என்று ஒருவன் அழுதான், அம்மா என்று கூப்பிட்டான், பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். யானையின் முடிவை விதவிதமாக எழுதிப் பார்த்தவளுக்கு, தான் இல்லாத ஒரு சாப்பாட்டு வேளையை எழுத முடியவில்லை. காகிதம் வேர்வையில் தொடையோடு ஒட்டிக்கொண்டது.

ஆகவே அந்த வரி இன்னும் மூடப்படாமல் இருக்கிறது. உங்களிடம் தருகிறேன்.

தாய் யானை வருகிறதா என்று நீங்கள் எழுத வேண்டாம். அது எனக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும்? குட்டியை மட்டும் பாருங்கள். கரும்போ சோளத்தட்டையோ, அந்த வேளைக்கு எது கிடைக்கிறதோ அதை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். சூடாக இருந்தால் ஊதிக் கொடுங்கள். சின்னவன் அவசரக்காரன், வாயைச் சுட்டுக்கொள்வான்.