லாசர் தூக்கிய லாந்தர்

உபதேசியார் வேதநாயகம் குனிந்து குடிசைக்குள் நுழைந்தபோது தேசம்மா தகப்பனின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது சாக்கைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தாள். படுக்க வைத்தால் லாசருக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் கட்டியிருந்த நீர், மல்லாந்தால் முதுகு நெடுகப் பரவி அடைத்துக்கொண்டது. நிமிர்ந்து உட்கார்ந்தால் அடியில் இறங்கி, மூச்சுக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று நாளில் அவளே கண்டுபிடித்திருந்தாள்.

"இன்னா லாசரு, சாமியக் கூட்டியாரட்டா?"

பங்குச் சாமியார் வேண்டாம் என்று லாசர் தலையை ஆட்டினார்.

"இருவது வருஷமா இதே தலையத்தான் ஆட்டிக்கினு கீற. உனுக்கு நோவல. பாத்துப் பாத்து என் கழுத்துதான் நோவுது."

லாசர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

வேதநாயகம் தேசம்மாவை வாசலுக்கு அழைத்தார். அவர் சொல்லப்போவது அவளுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை, ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்திலாவது, சாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் கொடுக்கும் அப்பமான நன்மையை வாங்க வேண்டும். வருஷக்கணக்கில் அதை மறுத்தவன், சாகும்போதும் மறுத்தால், கல்லறைத் தோட்டத்தின் மந்திரித்த மண்ணில் அவனுக்கு இடமில்லை. மதிலுக்கு வெளியே சப்பாத்திக்கள்ளி மண்டிய மூலையில், கடல் ஒதுக்கிய பேர் தெரியாத பிணங்களோடு புதைப்பார்கள். தேசம்மாவின் அம்மா மதிலுக்கு உள்ளே கிடந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

"ஒரு வார்த்தை போதும் தேசம்மா. 'சாமி வேணும்'னு உங்க நைனா வாயால வரணும். மத்தத சாமி பாத்துக்குவாரு. நான் போய் அவரக் கையோட கூட்டியாறேன். அதுக்குள்ள நீ கேட்டு வையி."

அவர் மணலில் வேகமாக நடந்து போனார். தட்டிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா சவுரியம்மா மீன் செதில் சுரண்டும் சத்தம் கேட்டது. லாசரின் அண்ணன் தேசப்பனின் விதவை அவள். இரண்டு குடிசைக்கும் நடுவே இருந்தது ஒரே ஓலைத் தட்டி.

தேசம்மா உள்ளே வந்து தகப்பன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, அம்மா பக்கத்துல படுக்க வேணாமா உனுக்கு?"

"படுக்கணும்."

"அப்போ சாமிகிட்ட சொல்றதுக்கு இன்னா?"

லாசர் சாக்கில் கையை ஊன்றி நிமிர்ந்தார். பிறகு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு துண்டாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"எம்டன் வந்த அன்னிக்கு… நான் கடல்ல இருந்தேன்."

எம்டன் சுட்டு அடுத்த மாதத்தோடு இருபது வருஷம். 1914இல் ஒரு ராத்திரி அந்த ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று கால் மணி நேரம் போல் குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. இப்போது குப்பத்தில் சூட்டிகையான பிள்ளையைக்கூட எம்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு எடுத்தாலே லாசர் எழுந்து வெளியே போய்விடுவார். அன்றைக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்த தேசப்பன், நின்றுகொண்டிருந்த ஒரு கப்பலின் மேல்தட்டிலேயே குண்டுபட்டுச் செத்தான். அதனால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். தேசம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"மீன் படல. அண்ணன் வரல, மூட்ட தூக்கப் போறேன்னுட்டான். நான் மட்டும் சின்ன மரத்த எடுத்துக்கினு போனேன். நீரு வடக்க இழுத்துக்கினு போச்சி."

கட்டுமரத்துக்குப் பக்கச்சுவர் கிடையாது. நாலைந்து மரத்தைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அலை அதன்மேலேயே ஏறிப் போகும். இரவில் போகிறவர்கள் லாந்தரைப் பானைக்குள் வைத்து எடுத்துப்போவார்கள். கப்பல் எதிரில் வந்தால் வெளியே எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி ஆட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது மேலேறிப் போய்விடும். ஆவணி, புரட்டாசியில் நீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். சாந்தோம் குப்பத்தில் கடலில் இறங்கியவர் துறைமுகத்துக்கு நேரே போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

"கருப்பா ஒண்ணு வந்துச்சி. ஒரு வெளக்கு இல்ல. இடிச்சிருமேன்னு பயந்துட்டேன். லாந்தர எடுத்துத் தூக்கினேன். ஆட்டினேன். அவ்ளோதான்… அது நின்னுச்சி. பெரிய வெளக்கப் போட்டுச்சி. சுட ஆரம்பிச்சிது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் வெளக்கப் பாத்துதான் நின்னுச்சி, தேசம்மா. நான் தூக்கலன்னா அது பாட்டுக்குப் போயிருக்கும். அண்ணன நான்தான்…"

தேசம்மாவுக்கு முதலில் அழுகை வரவில்லை, பதில்தான் வந்தது. கப்பல் தூரத்தில் நின்று சுடுவதற்குத் திசை தெரிய வேண்டும், தூரம் தெரிய வேண்டும். அதற்கு அலையில் ஆடுகிற ஒரு மண்ணெண்ணெய் விளக்கால் என்ன பயன்? கரையில் அசையாமல் நிற்கும் வெளிச்சம்தான் வேண்டும். அன்றைக்கு ஐகோர்ட்டு உச்சியில் இருந்த கலங்கரை விளக்கு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. துறைமுகம் முழுக்க விளக்கு எரிந்தது.

"நைனா, ஐகோர்ட்டு வெளக்க இருவது மைல்லர்ந்து பாக்கலாம்னு நீதான சொன்ன? அத வெச்சிக்கினு சுடாம உன் லாந்தர வெச்சா சுடுவான்? வழி தெரியாமலா அவ்ளோ தூரம் வந்தான்? உன்ன அவன் பாத்தேகூட இருக்கமாட்டான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"சாமியும் இதான் சொல்வாரு. பாவமே இல்லம்பாரு."

"நல்லதுதான நைனா!"

லாசர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"அப்போ அண்ணன் எதுக்குடி செத்தான்?"

தேசம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை நைனா, எனுக்காக," என்று கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டினார். வேண்டாம். மறுபடி ஆட்டினார். அதற்குப் பிறகு மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போனது. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

செதில் சுரண்டும் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாமிக்கு முன்னால் வேதநாயகம் அடித்துக்கொண்டு வரும் மணி கேட்டது. சாமி கழுத்தில் ஊதாப் பட்டையும் கையில் தைலச் சிமிழுமாக வாசலில் வந்து நின்றார். வயதானவர், வெயிலில் மூச்சு வாங்கியது. லாசரின் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. மூச்சு நின்றாலும் உயிர் உடனே பிரிந்துவிட்டது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், சாகிறவர்களுக்குத் தைலம் பூசும் அவஸ்தைப் பூசுதலைக் கொடுக்கலாம். ஆனால் கேட்டவனுக்குத்தான் கொடுக்கலாம்.

"மகளே, உன் தகப்பன் என்னைக் கேட்டாரா?"

வேதநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டாரு சாமி," என்றாள் தேசம்மா. "சாமி வேணும்னாரு."

சாமி அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் பின்னால் நிழல் விழுந்தது. சவுரியம்மா கையெல்லாம் செதிலோடு நின்றிருந்தாள்.

"அம்மா, அவர் சொன்னதை நீங்களும் கேட்டீர்களா?"

தேசம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கொழுந்தனை இருபது வருஷம் தம்பி போலப் பார்த்துக்கொண்டவள் பின்னால் நின்று மூச்சு விடுவது மட்டும் காதில் விழுந்தது.

"கேட்டேன் சாமி," என்றாள் சவுரியம்மா. "தட்டிக்கு இந்தாண்டதான் உக்காந்துகினு இருந்தேன். கேட்டேன்."

சாமி மண்டியிட்டுச் சிமிழைத் திறந்தார்.

அன்று சாயங்காலமே அடக்கம். கடற்கரை மண்ணில் குழி நிற்காது. வெட்ட வெட்டச் சரியும். அதனால் முதலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மணலை இறுக வைத்து, பக்கங்களுக்குப் பலகை கொடுத்துத் தோண்டினார்கள். லாசர் மதிலுக்கு உள்ளே, மனைவிக்குப் பக்கத்தில் இறங்கினார். பலகையை உருவியதும் மணல் தானாகவே சரிந்து பெட்டியை மூடியது. சவுரியம்மா ஒரு பிடி மண் போட்டாள். கையைத் தட்டிக்கொள்ளாமல் போனாள். அன்றும் மறுநாளும் அவள் தேசம்மாவிடம் எதுவும் பேசவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசை வரை போய்த் தேசம்மா திரும்பி வந்தாள். பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது. செய்ததற்கு மனஸ்தாபப்பட வேண்டும். மனஸ்தாபம் இல்லாமல் சொன்னால் மன்னிப்பு கிடையாது. அவள் தன்னைச் சோதித்துப் பார்த்தாள். மனஸ்தாபம் இல்லை. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணி அடித்தது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் நன்மை வாங்க வரிசையாக எழுந்தார்கள். மன்னிப்புப் பெறாத பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது. தேசம்மா எழவில்லை. மற்றவர்கள் மிதிக்காமல் போகக் காலை மடக்கிக்கொண்டாள். சிலர் திரும்பிப் பார்த்தபடி போனார்கள்.

பாய் காலியானபோது, அதே வரிசையில் இன்னொருத்தியும் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. சவுரியம்மா தரையில் கையை ஊன்றி, நகர்ந்து வந்து அதில் உட்கார்ந்தாள்.