உள்ளங்கை அளவு இடம்

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். மாடிவீட்டுக்காரர் எனக்கும் என் மச்சினனுக்கும் தரவேண்டிய பாக்கி. வீடு முழுக்கப் பெயின்ட் அடித்து முடித்து ஒரு வாரம் ஆகியும் கைக்கு வரவில்லை. காரணம், அவர் வாயிலிருந்து உதிரும் சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தைகள்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே மீசை நரைத்த பிறகுதான். அதுவும் தமிழ் மட்டும். இங்கிலீஷ் காது வழியாக வந்த சரக்கு. அதில் பெரிய வார்த்தைகளிடம் எனக்குப் பயமில்லை. எஸ்டிமேட், அட்வான்ஸ் எல்லாம் சொன்ன இடத்தில் நிற்கும். சின்ன வார்த்தைகள்தான் ஆளைத் தின்னும். 'ஜஸ்ட் ஒரு கோட்' என்றால் அரை நாள். 'மைனர் கிராக்' என்றால் சுரண்டி, விரிசலில் பட்டி மாவு வைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி அடிக்கவேண்டும். 'ஸ்மால் டச்சப்' என்றால் ஒரு சுவரே போச்சு, தொட்ட இடம் மட்டும் திட்டாய்த் தெரியுமே. ஒவ்வொன்றையும் முடித்தால்தான் பாக்கி என்பார், எதற்கும் தனிக் கூலி கிடையாது. சின்னதுக்குப் போய் யார் கூலி கேட்பது?

கூலி போனால் போகட்டும். ஏணி வாடகைக்கு எடுத்தது, நாளுக்கு அறுபது. அவர் ஒரு 'ஜஸ்ட்' சொன்னால் அறுபது ரூபாய் காலி. இப்படியே போனால் பாக்கி மொத்தமும் ஏணிக்கடைக்காரர் வீட்டுக்குத்தான்.

மச்சினன் இளகின மனசுக்காரன். யாராவது முகத்தைப் பார்த்து 'ஜஸ்ட்' என்றால் போதும், பிரஷை நனைத்துவிடுவான்.

"நீ ஏன்டா தலையாட்டுற?"

"சின்ன வேலைதானே மாமா. முடியாதுன்னு சொல்ல வாய் வரல."

"உங்க அக்காகிட்ட வந்து நில்லு. தானா வரும்."

அவன் அக்கா, என் மனைவி, வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் புலம்பியதை மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"முழுசா முடிச்சுக் குடுத்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னா எவன் குடுப்பான்? நான் சட்டை தைச்சா கடைசி பட்டனைக் காசு வாங்கின பிறகுதான் வைப்பேன்."

"சட்டையும் சுவரும் ஒண்ணா அக்கா?"

"உனக்கு வாயும் இல்ல, பட்டனும் இல்ல. சாப்பிடு."

மறுநாள் நாங்கள் ஏணி ஏறவேண்டிய வேலையை எல்லாம் காலையிலேயே முடித்தோம். மீதி இருந்தது வாசலில் காலிங் பெல்லுக்குப் பக்கத்தில் ஒரு இடம். 'டைனி ஸ்பாட்' என்று அவரே விரல் வைத்துக் காட்டியது. சுரண்டி, வெள்ளைப் பட்டி வைத்து, நன்றாகத் தேய்த்து, அப்படியே விட்டோம். நீலச் சுவரில் உள்ளங்கை அளவு வெள்ளை. ஏணியைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பொழுது சாய்வதற்குள் போன் வந்தது.

"ஒரு ஸ்மால் பேட்ச் விட்டுப்போச்சேப்பா."

"ஆமா சார், சின்னதுதான். பாக்கியைக் குடுத்தீங்கன்னா வந்து முடிச்சிடறோம்."

"பாக்கி எங்க ஓடிடும்? நாளைக்குக் காலையில வாடகைக்கு வீடு பார்க்க வராங்க. வாசல்லயே பல்லிளிக்குது. என் கண்ணு வேற எங்கயும் போகமாட்டேங்குது."

"எங்க கண்ணும் அப்படித்தான் சார். பாக்கி மேலயே நிக்குது."

 "சரி, காலையிலயே வாங்க, தந்துடறேன்" என்றார்.

காலையில் போனபோது பணத்தோடு வாசலிலேயே நின்றார். அவர் கொடுக்கக் கொடுக்க நான் எண்ண, மச்சினன் பிரஷை நனைத்துச் சுவரில் வைத்துவிட்டான். அவனைப் பிடித்து நிறுத்த எனக்குக் கை ஒழியவில்லை. ஆயிரத்து எண்ணூறு வந்தது. அதோடு நின்றது.

"சில்லறை இல்லப்பா. ஜஸ்ட் நாற்பதுதானே, விடு."

 இந்நேரம் இடம் மூடியிருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். மச்சினனின் கை அந்தரத்தில் நின்றது. கட்டைவிரல் அளவு வெள்ளை பாக்கி இருந்தது.

"இதுவும் ஜஸ்ட் கட்டைவிரல் அளவுதான் சார்," என்றான். "விட்டுடலாமா?"

அவன் குரலா என்று எனக்கே சந்தேகம். கீழே தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வீடு பார்க்க வந்தவர்கள். அவர் எட்டிப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், உள்ளே ஓடினார். ஏதேதோ இழுப்பறைகள் திறந்து மூடின. திரும்பி வந்து என் கையில் கொட்டியதெல்லாம் நாணயம். எண்ணினேன். சரியாக நாற்பது.

நான் தலையசைத்ததும் மச்சினன் பிரஷின் நுனியால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தான்.

"அட, இருந்த இடமே தெரியலையேப்பா," என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. சிரிக்கவும் செய்தார்.

"தெரியாது சார்," என்றான் மச்சினன், பிரஷைத் துடைத்தபடி. "எல்லாக் கணக்கும் தீர்ந்துபோச்சில்ல."